கிரிமினல் பாரிஸ்டர்களுக்கு எதற்குத் தனிச் சங்கம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனிலும் அதைச் சுற்றியும் உள்ள, பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டுகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளனாகப் போய் வருகிறேன். வேலை பாதி, காத்திருப்பு பாதி. வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவரின் அண்ணன், சாட்சி சொல்ல வந்தவர், சட்டம் படிக்கும் பிள்ளைகள் என்று யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். 2022-இல் கிரிமினல் பார் அசோசியேஷன் என்ற சங்கத்தின் பேரில் கட்டண உயர்வு கேட்டு பாரிஸ்டர்கள் கோர்ட்டுக்கு வராமல் நின்றதிலிருந்து ஒரே மாதிரியான கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். இது இங்கிலாந்து, வேல்ஸ் பற்றியது மட்டும். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் சட்ட அமைப்பே வேறு, வழக்கறிஞர் அமைப்புகளும் வேறு.

பாரிஸ்டர், சொலிசிட்டர் என்கிறார்கள். இரண்டும் வக்கீல்தானே, என்ன வித்தியாசம்?

கைது செய்த இரவு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து பக்கத்தில் உட்காருபவர் பெரும்பாலும் சொலிசிட்டரோ அவருடைய அலுவலகத்தைச் சேர்ந்தவரோ. வழக்குக் கட்டைத் தயார் செய்வது, கடிதம் எழுதுவது, உங்களோடு தொடர்பில் இருப்பது எல்லாம் அவர் வேலை. வழக்கு கிரவுன் கோர்ட்டுக்குப் போய், தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பொதுமக்கள் அடங்கிய ஜூரி முன்னால் வாதாட வேண்டிய கட்டம் வந்ததும் அவர் ஒரு பாரிஸ்டரிடம் ஒப்படைப்பார். தலையில் குதிரைமுடி விக், கறுப்பு கவுன், கையில் சக்கரம் வைத்த பெட்டி, அவர்தான். கூடுதல் தகுதி வாங்கிய சொலிசிட்டர்களும் கிரவுன் கோர்ட்டில் வாதாடலாம். ஆனாலும் அந்த இடத்தில் பெரும்பகுதி வேலை பாரிஸ்டர்களுடையது.

முக்கியமான விஷயம், கிரிமினல் பாரிஸ்டர்களில் பெரும்பாலோர் யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. சேம்பர் என்ற ஓர் அலுவலகத்தைப் பல பேர் சேர்ந்து நடத்துவார்கள், கிளார்க் என்பவர் வேலை பிடித்துக் கொடுத்து டைரியைப் பார்த்துக்கொள்வார், ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனி. உடம்பு சரியில்லை என்று படுத்தால் அன்றைக்கு வருமானம் கிடையாது. கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடி, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரிமினல் பார் அசோசியேஷன் அரசாங்க அமைப்பா?

இல்லை. 1969-இல் தொடங்கிய, விருப்பப்பட்டவர்கள் சேரும் தொழில்முறைச் சங்கம். குற்றவியல் வழக்குகள் நடத்தும் பாரிஸ்டர்களின் கருத்தையும் நலனையும் பேசுவதுதான் அதன் வேலை. சுருக்கமாக சி.பி.ஏ. என்பார்கள். பயிற்சியில் இருக்கும் இளையவர் முதல் கே.சி. (கிங்ஸ் கவுன்சல்) பட்டம் வாங்கிய மூத்தவர் வரை அதில் உண்டு. தலைவர் பதவி ஒரு வருடம், செப்டம்பரில் மாறும், முந்தைய வருடத்துத் துணைத் தலைவர் தலைவராவது வழக்கம். தலைவரும் தன் வழக்குகளை நடத்திக்கொண்டே இதையும் பார்க்கும் ஒரு பாரிஸ்டர்தான்.

அரசுத் தரப்பில் வாதாடுகிறவரும் எங்கள் தரப்பில் வாதாடுகிறவரும் ஒரே சங்கமாமே? அப்புறம் வழக்கு எப்படி நேர்மையாக நடக்கும்?

இந்தச் சந்தேகத்தை ஒரு தாய் என்னிடம் கிட்டத்தட்ட அழுதுகொண்டே கேட்டார். மகனுக்காக வாதாடியவரும் எதிர்த்து வாதாடியவரும் மதிய இடைவேளையில் ஒன்றாகப் பேசிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டார். வயிறு எரியத்தான் செய்யும்.

இங்கே அமைப்பு அப்படி. சி.பி.எஸ். எனப்படும் அரசு வழக்குத் தொடர்வுத் துறை தன் சொந்த வழக்கறிஞர்களை வைத்திருந்தாலும், கிரவுன் கோர்ட் விசாரணைகளுக்கு வெளியிலிருக்கும் பாரிஸ்டர்களையும் நிறைய அமர்த்துகிறது. அதனால் இந்த மாதம் அரசுத் தரப்பில் நின்றவர் அடுத்த மாதம் குற்றம் சாட்டப்பட்டவருக்காக நிற்பார். ஒரே சேம்பரைச் சேர்ந்த இருவர் எதிரெதிரே நிற்பதும் சாதாரணம். அதோடு, தன் துறையில் வரும் வழக்கை, ஆள் பிடிக்கவில்லை, குற்றச்சாட்டு அருவருப்பாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லித் தட்டிக்கழிக்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. டாக்சி ஸ்டாண்டில் வரிசையில் முதலில் நிற்கும் வண்டி வந்த சவாரியை ஏற்றுவது மாதிரி என்று அதற்கு ‘கேப் ரேங்க்’ விதி என்றே பெயர்.

என் அபிப்பிராயத்தில் சங்கத்துக்கு இதுதான் பலம். ஒரு தரப்புக்காக மட்டும் பேசினால் அரசு ‘குற்றவாளிகளின் வக்கீல்கள்’ என்று ஒதுக்கிவிடும். 2019-இல் அரசுத் தரப்பு வேலைக்கான கட்டணத்துக்காகவும் இதே சங்கம் போராட்டத்தின் விளிம்பு வரை போய்ப் பேச்சுவார்த்தையில் முடித்தது.

பார் கவுன்சில், பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டு, இன்... இத்தனை இருக்கும்போது இது வேறு எதற்கு?

பார் கவுன்சில் எல்லாத் துறை பாரிஸ்டர்களுக்கும் பொதுவானது, 1894-இலிருந்து இருக்கிறது. பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டு ஒழுங்குமுறை அமைப்பு, உரிமம் கொடுப்பதும் நடத்தை விதிகளை அமல்படுத்துவதும் அது. லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், மிடில் டெம்பிள், இன்னர் டெம்பிள் ஆகிய நான்கும் ஒருவரைப் பாரிஸ்டராக அழைக்கும் பழைய நிறுவனங்கள், காந்தி 1891-இல் பாரிஸ்டரானது இன்னர் டெம்பிளில். இவை போக வட்டாரத்துக்கு ஒன்றாக, சர்க்யூட் எனப்படும் ஆறு பாரிஸ்டர் குழுக்கள்.

இவர்களில் யாருக்கும் குற்றவியல் மட்டுமே தலைவலி கிடையாது. கம்பெனி வழக்கு நடத்தும் பாரிஸ்டரின் வருமானத்துக்கும் திருட்டு வழக்கு நடத்துகிறவரின் வருமானத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முன்னவருக்குக் கட்சிக்காரர் கொடுக்கிறார், பின்னவருக்குப் பெரும்பாலும் அரசு, வசதியில்லாதவர்களுக்கான சட்ட உதவியான லீகல் எய்டிலிருந்து கொடுக்கிறது, விலையையும் அரசே வைக்கிறது. ஒரே வாடிக்கையாளர், அவரே விலை வைக்கிறார் என்றால் தனியாள் என்ன பேரம் பேச முடியும்? அதற்குத்தான் தனிச் சங்கம்.

நம் ஊர் கோர்ட் பார் அசோசியேஷன் மாதிரிதானே?

பெயர் அப்படி, வேலை கொஞ்சம் வேறு. நம் ஊரில் ஒவ்வொரு நீதிமன்ற வளாகத்துக்கும் ஒரு சங்கம் இருக்கும், சிவில், கிரிமினல் எல்லாரும் அதில் உண்டு. 1961 வழக்கறிஞர் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் பாரிஸ்டர் என்ற தனி வகுப்பே இல்லை, எல்லாரும் அட்வகேட்தான். சி.பி.ஏ. இடத்தை வைத்து இல்லை, துறையை வைத்து.

கோர்ட் புறக்கணிப்பு என்று கேட்டதும் நம் ஆட்களுக்கு உடனே பழக்கமான படம் வந்துவிடும். அங்கே 2002-இல் ஹரீஷ் உப்பல் வழக்கில் வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அப்புறமும் புறக்கணிப்புகள் நின்றபாடில்லை. இங்கே நேர்மாறு. 2014 வரைக்கும் பாரிஸ்டர்கள் நாடு முழுக்க ஒன்றாகக் கோர்ட்டுக்குப் போகாமல் இருந்ததே கிடையாது.

என் பாரிஸ்டர் சரியாக வாதாடவில்லை. இந்தச் சங்கத்தில் புகார் கொடுக்கலாமா?

முடியாது. புகாரை வாங்கும் அதிகாரமோ தண்டிக்கும் அதிகாரமோ அதற்கு இல்லை. முதலில் அவருடைய சேம்பருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், ஒவ்வொரு சேம்பருக்கும் அதற்கு ஒரு நடைமுறை உண்டு. அங்கே திருப்தி இல்லையென்றால் லீகல் ஆம்புட்ஸ்மன் என்ற அமைப்புக்குப் போகலாம். விஷயம் சேவைக் குறை அல்ல, நடத்தைக் கேடு என்றால் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டு வரை போகும். தீர்ப்பே தவறு என்பது உங்கள் குறையானால் அது மேல்முறையீடு, அதற்குக் காலக்கெடு உண்டு, சொலிசிட்டரிடம் உடனே கேளுங்கள்.

அதே மாதிரி, சங்கத்துக்கு போன் போட்டு நல்ல பாரிஸ்டராகச் சொல்லுங்கள் என்று கேட்பதிலும் பயனில்லை. உங்கள் சொலிசிட்டருக்குத்தான் யார் எந்த வகை வழக்கில் கெட்டி என்பது தெரியும்.

சண்டை இல்லாத நாட்களில் சங்கம் என்ன செய்கிறது?

செய்தியில் வராத வேலைதான் அதிகம். அரசு ஒரு சட்டத் திருத்தத்துக்குக் கருத்துக் கேட்டால், கோர்ட்டில் தினமும் நிற்பவர்கள் பார்வையில் அது எங்கே உடையும் என்று எழுதிக் கொடுப்பது. தண்டனைச் சட்டம், பாலியல் குற்ற வழக்குகளில் குறுக்கு விசாரணை விதிகள் போன்றவற்றில் பயிற்சி வகுப்பும் மாநாடும் நடத்துவது. தலைவர் திங்கள்தோறும் உறுப்பினர்களுக்கு எழுதும் ஒரு கடிதம் உண்டு, ‘மண்டே மெசேஜ்’ என்றே பெயர். எந்தக் கோர்ட்டில் கூரை ஒழுகுகிறது, எங்கே கைதி வண்டி தாமதமாக வருகிறது, நீதித்துறை அமைச்சகத்தோடு பேச்சு எந்த நிலையில் இருக்கிறது என்று எல்லாம் அதில் வரும்.

கொரோனா காலத்தில் இந்த வேலையின் மதிப்பு தெரிந்தது. 2020 மார்ச் 23-இல் ஜூரி விசாரணைகள் நின்றன, மே 18-இல் லண்டனின் மத்திய குற்றவியல் கோர்ட்டான ஓல்ட் பெய்லி உட்பட ஒருசில இடங்களில் மட்டும் மறுபடி தொடங்கின. வழக்குத் தேக்கத்தைக் குறைக்கக் கோர்ட்டைக் காலையில் சீக்கிரம் தொடங்கி மாலையிலும் நீட்டி நடத்தலாம் என்று அரசு யோசித்தபோது, குழந்தை வைத்திருக்கும் பெண் பாரிஸ்டர்கள்தான் முதலில் தொழிலை விட்டுப் போவார்கள் என்று சங்கம் கடுமையாக எதிர்த்தது. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்கும் அதில் முழுச் சம்மதம். காலை 9 மணிக்கு மெய்ட்ஸ்டோனில் நிற்க வேண்டுமென்றால் வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

பாரிஸ்டர் என்றாலே பணக்காரர்கள். அவர்களுக்கு என்ன கூலிப் பிரச்சினை?

அதிகமாக வரும் கேள்வி இதுதான், அதிகமாகக் கோபம் வரும் கேள்வியும் இதுதான்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு குளிர்கால மாலை, ஆறு மணி இருக்கும், நானும் ஓர் இளம் பாரிஸ்டரும் ஒரே ரயிலுக்காக நிற்கிறோம். அன்றைய வழக்கு ஒத்திப்போயிருந்தது, கைதியைச் சிறையிலிருந்து கொண்டுவரவில்லை. அவருடைய கிளார்க்கிடமிருந்து போன் வருகிறது. நாளைக் காலை வேறொரு ஊரில் விசாரணை, முதலில் எடுத்தவருக்கு முந்தைய வழக்கு இழுத்துக்கொண்டதால் இவருக்கு வருகிறது, முன்னூறு பக்கத்துக்கு மேல் படிக்க வேண்டும். நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். விக் வைக்கும் தகர டப்பாவின் மேல் பாதி தின்ற சாண்ட்விச். ரயில் வந்தும் நிமிரவில்லை, நான்தான் தோளைத் தட்டினேன்.

அந்த இரவுப் படிப்புக்குத் தனிக் கூலி கிடையாது. லீகல் எய்ட் கணக்கு இப்படி. வழக்கு எந்த வகை என்பதை வைத்து ஒரு மொத்தத் தொகை, தயாரிப்பும் விசாரணையின் முதல் நாளும் அதிலேயே அடக்கம், இரண்டாம் நாளிலிருந்து நாள் கணக்கு. பணம் பெரும்பாலும் வழக்கு முடிந்த பிறகுதான். வழக்கு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனால் பணமும் அதோடு போகும், மறுபடி படிப்பதற்கும் சேர்த்து அதே தொகைதான். அதிலிருந்து சேம்பருக்குப் பங்கு, ரயில் டிக்கெட், காப்பீடு. தொழிலுக்கு வந்த முதல் மூன்று வருடங்களில் செலவு போக இடைநிலை (மீடியன்) வருமானம் வருடத்துக்கு 12,200 பவுண்டு என்பது 2022-இல் சங்கம் முன்வைத்த எண். அமைச்சகம் வேறு கணக்கைக் காட்டி மறுத்தது. 2006-இலிருந்து பார்த்தால் உண்மை வருமானம் 28 சதவீதம் சரிந்திருக்கிறது என்பதும் சங்கத்தின் வாதம்.

மூத்த கே.சி.களில் நன்றாகச் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சாதாரணத் திருட்டு, அடிதடி, போதைப்பொருள் வழக்குகளை ஓட்டுவது அவர்கள் இல்லை, அந்த நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் மாதிரியானவர்கள்.

‘நோ ரிட்டர்ன்ஸ்’ என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அது என்ன?

மேலே அந்த ரயில் நிலையத்தில் வந்த போன்தான் அது. ஒருவருக்கு இரண்டு வழக்கு ஒரே நாளில் மோதினால் ஒன்றைத் திருப்பிக் கொடுப்பார், அதற்கு ‘ரிட்டர்ன்’ என்று பெயர். வேறொருவர் கடைசி நேரத்தில் எடுத்துக்கொள்வார். எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, சக தொழிலாளருக்குச் செய்யும் உதவி, கோர்ட் ஓடுவதற்குக் கொடுக்கும் எண்ணெய்.

திருப்பிக் கொடுத்த வழக்குகளை இனிமேல் எடுப்பதில்லை என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தால் அதுதான் ‘நோ ரிட்டர்ன்ஸ்’. தன் வழக்கு எதையும் யாரும் கைவிடுவதில்லை, ஆனாலும் சில வாரங்களிலேயே ஆளில்லாமல் விசாரணைகள் நிற்க ஆரம்பித்துவிடும். இத்தனை நாள் இந்த அமைப்பு யாருடைய தயவில் ஓடியது என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை.

2022-க்கு முன்னால் என்ன நடந்தது?

2014 ஜனவரி 6 காலை, லீகல் எய்ட் வெட்டுகளை எதிர்த்து அரை நாள் யாரும் போகவில்லை. மார்ச் 7-இல் முழு நாள். அந்த மாதக் கடைசியில் வழக்காடுபவர்களின் கட்டண வெட்டைத் தள்ளிவைப்பதாக அரசு ஒப்புக்கொண்டது, சங்கம் நடவடிக்கையை நிறுத்தியது. கூடவே தெருவில் நின்ற சொலிசிட்டர்களுக்கு வெட்டு அப்படியே இருந்ததால் தங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அவர்களுக்கு மனத்தாங்கல். அதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

அதே வருடம் நடந்த இன்னொன்று பலருக்குத் தெரியாது. மிக நீண்ட, சிக்கலான வழக்குகளுக்கான கட்டணத்தை அரசு 30 சதவீதம் வெட்டியிருந்தது. பாரிஸ்டர்கள் அந்த வகை வழக்குகளை எடுக்க மறுத்தார்கள். சதர்க் கிரவுன் கோர்ட்டில் ஒரு நில மோசடி வழக்கில் ஐந்து பேருக்கு வாதாட ஆளே கிடைக்கவில்லை. மே 1-இல் நீதிபதி வழக்கையே நிறுத்திவிட்டார். அவர்களுக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாடி அந்த உத்தரவை வாங்கியவர் அலெக்சாண்டர் கேமரன், அப்போதைய பிரதமர் டேவிட் கேமரனின் அண்ணன். மூன்று வாரத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் வாதாட ஆளில்லையென்றால் ஒரு பெரிய வழக்கே நிற்கக்கூடும் என்பதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். 2018-இல் புதிய கட்டணத் திட்டத்தை எதிர்த்து மறுபடியும் ஒரு சுற்று, அதைப் பற்றிக் கீழே.

2022-இல் எதற்காக, எப்படி, என்ன கிடைத்தது?

அரசே நியமித்த சர் கிறிஸ்டோபர் பெல்லமி 2021 கடைசியில் அறிக்கை கொடுத்தார். குற்றவியல் லீகல் எய்டுக்கு வருடத்துக்கு குறைந்தது 135 மில்லியன் பவுண்டு, அதாவது 15 சதவீதமாவது கூட்ட வேண்டும், தாமதம் கூடாது என்றார். குறைந்தபட்சம் என்று அவர் சொன்ன 15-ஐ உச்சவரம்பாக அரசு எடுத்துக்கொண்டது, அதுவும் செப்டம்பர் கடைசியிலிருந்து வரும் புது வழக்குகளுக்கு மட்டும் என்றது. ஏற்கெனவே தேங்கிக் கிடந்த வழக்குகளுக்குப் பழைய கூலியே. சங்கம் கேட்டது 25 சதவீதம்.

ஏப்ரல் 11-இல் ‘நோ ரிட்டர்ன்ஸ்’ தொடங்கியது. வாக்கெடுப்பில் 81.5 சதவீதம் பேர் ஆதரிக்க, ஜூன் 27 முதல் கோர்ட்டுக்குப் போகாத நாட்கள், பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், செப்டம்பர் 5 முதல் கால வரையறை இல்லாமல். ஓல்ட் பெய்லி வாசலில் விக்கும் கவுனுமாக நின்றார்கள். அந்தச் செப்டம்பரில்தான் கிர்ஸ்டி பிரிம்லோ தலைவரானார், பொறுப்பேற்ற ஒரு வாரத்தில் ராணி காலமாகி எல்லா கியூ.சி.களும் (குயின்ஸ் கவுன்சல்) ஒரே நாளில் கே.சி.களானார்கள். நீதித்துறை அமைச்சராக டொமினிக் ராப் இருந்தவரை பேச்சு நகரவே இல்லை. பிராண்டன் லூயிஸ் வந்த பிறகு மாதக் கடைசிக்குள் உடன்பாடு. 15 சதவீதம் தேங்கிய வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தும் என்றானது. அக்டோபர் 10-இல் 57 சதவீதம் பேர் சரி என்று வாக்களிக்க, எல்லாரும் கோர்ட்டுக்குத் திரும்பினார்கள்.

அது வேலைநிறுத்தமா, இல்லையா? சங்கம் என்றால் தொழிற்சங்கம்தானே?

பேப்பர்காரர்கள் ஸ்டிரைக் என்று எழுதினார்கள், நாமும் அப்படித்தான் சொல்கிறோம். சங்கம் அந்தச் சொல்லைத் தவிர்த்து ‘நடவடிக்கை நாட்கள்’ என்றே சொன்னது. முதல் பதிலில் சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இவர்களுக்கு முதலாளி கிடையாது, வேலை ஒப்பந்தம் கிடையாது. அதனால் தொழிலாளர் சட்டம் ஒரு வேலைநிறுத்தக்காரருக்குத் தரும் பாதுகாப்பும் கிடையாது.

இன்னும் ஒரு படி மேலே ஆபத்து இருந்தது. ஏற்றுக்கொண்ட வழக்குக்கு வராமல் இருப்பது தொழில் நடத்தை விதியை மீறியதாகலாம் என்று அப்போதைய தலைமை நீதிபதியே எச்சரித்தார். ஒவ்வொருவரும் தன் உரிமத்தையே பணயம் வைத்துத்தான் வெளியே நின்றார்கள்.

“தம்பி, லோயர்மாரே கோர்ட்டுக்குப் போகாமல் நிண்டால் உள்ளுக்கை கிடக்கிற பெடியளின்ரை கதி என்ன?”

ஒரு யாழ்ப்பாணத்து ஐயா என்னிடம் கேட்டது, பேரன் ரிமாண்டில் இருந்தான். அவர் முகத்தைப் பார்த்து ‘நல்ல காரியத்துக்காகத்தான் ஐயா’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தண்டிக்கப்படாமல் காவலில் இருப்பவரைக் கிரவுன் கோர்ட் விசாரணைக்கு முன் சாதாரணமாக 182 நாட்களுக்கு மேல் வைக்கக் கூடாது. நீட்ட வேண்டுமென்றால் நல்ல, போதுமான காரணத்தை நீதிபதியிடம் காட்ட வேண்டும். பாரிஸ்டர்கள் வராதது அப்படிப்பட்ட காரணமா என்று 2022 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் வரை கேள்வி போனது. காரணமாகலாம், ஆனால் முடிவில்லாமல் இழுக்க அதைக் காட்ட முடியாது என்ற போக்கில் முடிவு வந்தது. அதாவது சிலர் கூடுதல் நாள் உள்ளே கிடந்தார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் சாட்சி சொல்ல மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்து, தேதி மாறி, திரும்பிப் போனார்கள். இந்த வலியைச் சிறிதாகக் காட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் 2019 கடைசியில் ஏறத்தாழ 38,000 ஆக இருந்த தேக்கம், இந்தப் போராட்டம் தொடங்குவதற்கு முன்பே 58,000 ஆகிவிட்டது. எல்லாரும் திரும்பி வந்த பிறகும் கூடியபடியே 2024 கடைசியில் 73,000-ஐத் தாண்டியது. நடவடிக்கை நாட்கள் அதில் ஒரு பங்கைச் சேர்த்தன, மறுக்க முடியாது. மற்றபடி மூடிய கோர்ட் அறைகள், குறைத்த அமர்வு நாட்கள், கொரோனா, தொழிலை விட்டுப் போன ஆட்கள், எல்லாம் சேர்ந்தது. போராடாமல் இருந்திருந்தால் அந்த ஐயாவின் பேரனுக்குச் சீக்கிரம் ஆள் கிடைத்திருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கடைசியில் எல்லாம் கட்டணத்துக்காகத்தானே? வேறு எதற்காவது வாய் திறந்திருக்கிறார்களா?

திறந்திருக்கிறார்கள். வழக்காடுபவர்களுக்கு நீதிபதிகளே தர மதிப்பீடு கொடுக்கும் திட்டம் ஒன்று சில வருடங்கள் முன்வைக்கப்பட்டது. கேட்க நல்லதாகத்தான் இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், உங்களுக்காக நிற்பவர் நீதிபதியோடு மோத வேண்டிய இடத்தில், இவர்தானே எனக்கு மார்க் போடுவார் என்ற நினைப்பு வந்தால்? சங்கம் எதிர்த்தது, அதன் ஆதரவோடு சில பாரிஸ்டர்கள் வழக்குப் போட்டார்கள். 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனாலும் திட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை, 2017-இல் கைவிடப்பட்டது.

இப்போது ஜூரியையே எடுத்துவிடப் போகிறார்களாமே? அதில் சங்கத்தின் நிலை என்ன?

முழுவதும் எடுப்பது இல்லை. அரசு கேட்டு இதை ஆராய்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி சர் பிரையன் லெவிசன் 2025 ஜூலையில், தேக்கத்தைக் குறைக்க ஒரு பகுதி வழக்குகளை ஜூரி இல்லாமல் ஒரு நீதிபதியும் இரண்டு மஜிஸ்திரேட்டுகளும் விசாரிக்கலாம் என்றார். அந்த டிசம்பரில் நீதித்துறை அமைச்சர் டேவிட் லாமி இன்னும் தள்ளிப்போய், மூன்று வருடம் வரை தண்டனை வரக்கூடிய வழக்குகளை நீதிபதி மட்டுமே விசாரிக்கும் திட்டத்தை அறிவித்தார். கொலை, பாலியல் வன்முறை போன்றவற்றுக்கு ஜூரி தொடரும். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட குற்ற வழக்குகள் இப்போதே ஜூரி இல்லாமல் மஜிஸ்திரேட் கோர்ட்டில்தான் முடிகின்றன என்பது அரசுத் தரப்பு நினைவுபடுத்தும் விஷயம், அது உண்மைதான்.

சங்கம் இதை வெளிப்படையாக எதிர்க்கிறது. தேக்கத்துக்குக் காரணம் ஜூரி இல்லை, பணமும் ஆளும் ஒதுக்காததுதான் என்பது வாதம். எனக்கு இதில் தனிப்பட்ட கவலை உண்டு. கூண்டில் நிற்பவர் நம்மவராக இருக்கும்போது, அந்தப் பன்னிரண்டு நாற்காலியில் ஒரு நர்ஸ், ஒரு பஸ் டிரைவர், பல நிறத்து முகங்கள் என்று இருப்பதைப் பார்க்கும் குடும்பத்துக்கு ஒரு தெம்பு வரும். ஜூரிகள் இனம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதாகத் தெரியவில்லை, அந்த இடம் நியாயமாக இயங்குகிறது என்று 2017-இல் எழுதிய அறிக்கையும் இதே லாமியுடையதுதான்.

சங்கம் ஒரு முடிவெடுத்தால் எல்லா கிரிமினல் பாரிஸ்டரும் கேட்டாக வேண்டுமா?

வேண்டியதில்லை. உறுப்பினராவதே விருப்பம், முடிவும் வாக்கெடுப்பு, அதற்கும் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்று யாரையும் பிடித்து நிறுத்த முடியாது. 2018-இல் அரசு கொடுத்த 15 மில்லியன் பவுண்டை ஏற்கலாமா என்று கேட்டபோது 51.55 சதவீதம் பேர் சரி என்றார்கள், மயிரிழையில் தப்பியது. 2022-இல்கூட முடித்துக்கொள்ள வேண்டாம் என்றவர்கள் 43 சதவீதம். அவர்களில் பலர் மறுநாளே விக்கை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பது கோர்ட் காண்டீனில் உட்கார்ந்தால் காதில் விழும்.

என் மகளுக்குக் கிரிமினல் பாரிஸ்டர் ஆக ஆசை. இதையெல்லாம் படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லலாமா?

நான் சொல்ல மாட்டேன், ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்கச் சொல்வேன். பட்டப்படிப்பு, பார் படிப்பு, அப்புறம் ஒரு வருடம் பியூபிலேஜ் என்ற பயிற்சி, அந்தப் பயிற்சி இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. நான்கு இன்களும் உதவித்தொகை கொடுக்கின்றன. கிரிமினல் துறைக்கு வர வசதியில்லாத பிள்ளைகளுக்காகவே காலிஷர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை இருக்கிறது. முதல் சில வருட வருமானம் பற்றி மேலே எழுதியிருக்கிறேன், அதை ஒளிக்காமல் மகளிடம் காட்டுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கிரவுன் கோர்ட்டின் பார்வையாளர் இருக்கையில் உட்காருங்கள். காசு கிடையாது, முன்பதிவு கிடையாது. காலை 10 மணிக்குள் போனால் நல்லது. ஓல்ட் பெய்லிக்குப் போவதாக இருந்தால் போனையும் பையையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், உள்ளே விட மாட்டார்கள்.